மதகுக்கு மதகு

இளவழகனுக்குச் சோறு கொஞ்சம் குழைந்திருக்க வேண்டும், செம்மொழி. ரசம் விட்டுப் பிசைந்து சின்னச் சின்ன வாயாக ஊட்டு, அவசரப்பட்டால் புரையேறும். உன் அண்ணனைக் கூட்டிப்போகச் சென்னையிலிருந்து வேன் எடுத்து வந்திருக்கிறாய், நல்லது. ஆனால் வந்ததும் வராததுமாக என் காலில் விழப் போனாயே, அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"நீங்க இல்லன்னா எங்க அண்ணன் என்ன ஆயிருக்கும் சாமிதுரைண்ணே" என்றாய். பதில் சொல்ல வேண்டாமா? இப்படிக் கட்டிலில் அவன் பக்கத்திலேயே உட்கார். அவன் கேட்டால் பரவாயில்லை.

நீ அப்போது திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். எங்கள் கூத்தெல்லாம் உனக்குத் தெரியாது. பைபாஸ் போட்டு முடித்து இன்னும் திறக்காத காலம். நூல் பிடித்த மாதிரி நேர் ரோடு. ஞாயிற்றுக்கிழமை காலையானால் மயிலாடுதுறை, நாகூரிலிருந்தெல்லாம் கார்கள் வந்துவிடும். கல்யாண வாடகைக்கு ஓடுகிற அம்பாசடர், யாரோ கழித்துவிட்ட மாருதி, எல்லாம் உண்டு. எடை குறையட்டும் என்று பின் சீட்டைக் கழற்றி வயலோரம் போட்டுவிடுவோம். ஊர்ப் பெரியவர்கள் அதில் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டிரண்டு காராக இந்த மதகிலிருந்து அடுத்த மதகு வரைக்கும் பந்தயம். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். துண்டை இறக்கி ஆரம்பித்துவைப்பவன் நான். உன் அண்ணன் கிளச்சை விடுகிற அழகைப் பார்த்திருக்க வேண்டும் நீ. அவன் காரைப் பிரித்துப் பூட்ட என்னைத் தவிர யாரையும் விடமாட்டான்.

தை பிறந்து அறுவடை தொடங்கிவிட்டால் ரோட்டில் பாதி எங்களுக்கு இல்லை. நெல் காயப்போட அதைவிட நல்ல களம் எது? விவசாயிகளிடம் பேசி ஓரமாகக் கொட்டச் சொல்வோம். நடுவே சிதறியதைப் பெருக்குவது என் பொறுப்பு. காய்ந்த நெல்லின்மேல் பிரேக் அடித்தால் டயர் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் பக்கம் கார் ஓட்டுகிற எவனுக்கும் இது தெரியும். அதனால் மற்றவர்கள் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவார்கள். உன் அண்ணன் மட்டும் பார்க்கமாட்டான். "சாமி கூட்டிட்டான்ல, அப்புறம் என்ன" என்பான்.

அந்த வருஷம் நாகூர் அஹமது கபீர் பாய் அவன் ஓட்டுவதைப் பார்த்து அசந்துபோனார். துபாயில் ரேஸ் கார் பழுதுபார்க்கிற இடத்தில் சொல்லி விசாவே வாங்கிவிட்டார். ஊரெல்லாம் தெரிந்த பிறகுதான் என்னிடம் சொன்னான். "போய் நிலைச்சதும் உன்னையும் கூப்பிட்டுக்கிறேன்டா" என்றான். அவன் போய்விட்டால் நான் யார்? யோசித்துப் பார்த்தேன். ஒரு கால் முறிந்தால் போதும், விசா போய்விடும், அவன் இங்கேயே இருப்பான். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அவன் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு. கூட்டம் முழுவதும் புறப்படும் இடத்தில் நின்றது. அடுத்த மதகைத் தாண்டி, கார்கள் பிரேக் பிடிக்கும் இடத்தில், இராஜாங்கம் தன் நெல்லை ஓரமாகப் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அன்று அவனோடு ஓட்டவிருந்த அப்சர் முன்பே நடந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். நான் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தேன். காய்கிற நெல்லைக் காலால் கிளறிவிடுவார்கள் இல்லையா, அப்படி நடந்தேன். நடந்து நடந்து இடப்பக்கம் முழுக்க இழுத்துவிட்டேன், மெல்லிசாக. காலை வெயில் எதிரே அடிக்கும்போது ஓட்டுகிறவன் கண்ணுக்கு அது தெரியாது. அவன் எப்போதும் இடப்பக்கம்தான் ஓட்டுவான். நான் திரும்பி வந்ததும் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துச் சிரித்தான். துண்டை இறக்கினேன்.

வலப்பக்கம் ஓட்டிய அப்சரின் கார் ஒழுங்காக நின்றது. உன் அண்ணன் கார் வழுக்கி, ரோட்டை விட்டு இறங்கி, வாய்க்காலில் கவிழ்ந்தது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியவன் நான்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ரோட்டை அடைத்து நெல்லைக் கொட்டினார் என்று இராஜாங்கத்தை அடித்தார்கள். "நான் ஓரமாத்தாங்க போட்டேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். பிறகு நிலத்தை விற்றுவிட்டு வேளாங்கண்ணிப் பக்கம் போய்விட்டார். பாவம்தான்.

கால் முறியும் என்று நினைத்தேன். கால்கள் செத்துப்போயின, பேச்சும் போயிற்று. என் கையில் என்ன இருக்கிறது, சொல். உன் அம்மா அப்பா போன பிறகு அவனை என் வீட்டுக்கே கொண்டுவந்தேன். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. குளிப்பாட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாம் நான். ஒரு புண் உண்டா அவன் முதுகில்? நீயே பார்.

சென்னையில் பயிற்சி கொடுத்தால் பேச்சு வருமாம் என்கிறாய். தஞ்சாவூர் டாக்டர் ஒருவர் அப்போதே இதைச் சொன்னார், தவறாமல் அழைத்து வரச் சொன்னார். நான் அழைத்துப் போகவில்லை. இனி வராதாம் என்று உன்னிடம் போனில் சொன்னேன். பேச்சு வந்தால் பழையதை நினைத்து அவன்தான் வேதனைப்படுவான். அவன் நன்மைக்குத்தான் செய்தேன்.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். செய்தவன்தானே கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதானே நியாயம்? வேனை அனுப்பிவிடு. தினமும் நான் வந்து தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வான், அவ்வளவு நிம்மதி அவனுக்கு. இப்போது பார், உன் துப்பட்டாவை எப்படிப் பற்றிக்கொண்டிருக்கிறான். இத்தனை வருஷத்தில் அந்தக் கை எதையும் இப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. விரல்களை மெல்லப் பிரித்துவிடு, செம்மொழி. என்னை விட்டுப் போகவேண்டி வருமோ என்ற பயத்தில்தான் இப்படி நடுங்குகிறான்.