மரியாதையாகக் கேட்ட கம்ப்யூட்டர்

பீளமேடு போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரி ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் சொன்னார்:

“கம்ப்யூட்டரு மரியாதையாத்தானுங்க்கா கேட்டுச்சு. சரின்னு சொல்லிப்போட்டேன்.”

“என்னன்னு கேட்டுச்சு?”

“உங்க பிளாப்பியப் போட்டதும், இதைப் படிக்க முடியல, பார்மேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சுங்க்கா.”

மூத்தவரின் கைப்பை மடியிலிருந்து நழுவியது.

“அது எங்கூட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல எழுதுனது கண்ணு. உங்க கம்ப்யூட்டருக்குப் புரியாது, மாத்தித்தான் எடுக்கோணும்னு சொன்னனல்ல. பார்மேட்னா அழிக்கறது. மூணு வருச ஆராய்ச்சி அதுல இருந்துச்சு.”

நவ இந்தியா நிறுத்தத்தில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

“போகுது உடு. நகல்னு இன்னொரு பிளாப்பி குடுத்தனல்ல?”

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அதுக்கும் கேட்டுச்சுங்க்கா.”