ஜோடி இல்லாத ஊசித்தட்டான்

மாதனூரில் ஷூ கம்பெனி பஸ் ஏறிய பெண் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்ததுமே சொன்னாள்: "ஏரியில இருந்த தட்டானுங்கள நான் பாதியா ஆக்கிட்டேன்டி." எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பக்கத்து சீட் தோழி கேட்டாள். "இன்னாடி சொல்ற?"

"ஞாயித்துக்கெழம தட்டான் கணக்கெடுக்க காலேஜ் சாருங்க கூப்ட்டாங்கல்ல? முப்பது எண்ணிட்டு பதினஞ்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன்?"

"பேக்கிங்ல நாள் பூரா ஷூவ ஜோடி ஜோடியா எண்ணுறோம்ல, கை அதுவா எழுதிடுச்சு."

தோழி சிரித்த சிரிப்பில் டிரைவரே கண்ணாடியில் பார்த்தார்.

"மாத்தச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். இன்னொன்னுதான் பேஜாரு. ஊதா கலர்ல ஒரு ஊசித்தட்டான். ஒத்தையா இருந்துச்சா, ஜோடி இல்லன்னு கணக்குலயே சேக்கல. போட்டோ மட்டும் இப்ப அவங்க வாட்ஸப் குரூப்ல போட்டேன்."

அவள் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவள் சீட்டிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"நம்ம ஏரியில அத இதுவரைக்கும் யாருமே பாத்ததில்லையாம்டி! எது மேல உக்காந்துச்சுன்னு சார் கேக்குறாரு!"

"சொல்லேன்டி!"

"என் செருப்பு மேலதான் சார். எடது கால், சைஸ் முப்பத்தேழு."