ஊரே ஊளையிட்ட மகள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நேத்து என் மகளைப் பார்த்து ஸ்டேடியமே ஊளையிட்டுச்சுக்கா. எனக்குப் பெருமையா இருந்துச்சு,” என்றார் இளையவர்.

“ஊளையிட்டதுக்குப் பெருமையா?”

“பாஸ்கெட்பால்ல நம்ம பினாங்கு டீமை விட்டுட்டு கோலாலம்பூர் டீமுக்குப் போயிட்டாள்ல, நேத்து நமக்கு எதிராவே ஆடுனா, அந்தக் கோவம்லா. மத்த பிள்ளைங்க போனப்ப யாரு கேட்டா? இவ போனதுதான் ஊருக்கே வலிக்குது.”

“பிள்ளை அழுதிருக்குமே?”

“கண்ணு கலங்குச்சு. ஆனா கடைசிப் பந்தைக் கூடையில அவதான் போட்டா, அவ டீம் ஜெயிச்சிருச்சு. ஸ்டேடியமே கப்சிப். நான் மட்டும் எந்திரிச்சுக் கை தட்டினேன், பினாங்கு சட்டையோட.”

“அடிப்பாவி! அந்தச் சட்டையிலயா?”

“அவ இங்க ஆடுனப்ப போட்ட சட்டைக்கா. முதுகுல அவ பேருதானே இருக்கு.”