இல்லாத காலுக்கு மூன்று கந்தோர்

போர் முடிந்த அடுத்த வருடம், மட்டக்களப்புக்குப் போகும் வாகரை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மீனவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவருடைய ஒரு கால் ஷெல்லடியில் போயிருந்தது.

“இவர்ர இல்லாத காலுக்கு மூணு கந்தோர் இரிக்கு மிஸ். இரிக்கிற காலுக்கு நான் ஒருத்திதான்,” என்றார் மனைவி, பக்கத்தில் கோப்போடு இருந்த சமூகசேவை அலுவலக உத்தியோகத்தரிடம்.

“ஏனக்கா அப்பிடிச் சொல்றீங்க?”

“பொய்க்கால் கேட்டு ஆசுபத்திரிக்குப் போனா உங்கட கடிதம் வேணுமாம். உங்கட கந்தோருக்கு வந்தா டொக்டர்ர கடிதம் வேணுமாம். மறுகா நடை பழக வேற இடமாம். ரெண்டு கால் உள்ள எனக்கே ஏலாது.”

உத்தியோகத்தர் சிரித்துவிட்டார். “இதையெல்லாம் ஒண்டாச் சேக்கத்தான் இண்டைக்குக் கூட்டம் அக்கா.”

“சேத்து எங்க வைப்பீங்க?”

“மட்டக்களப்பிலதான்.”

மீனவர் உத்தியோகத்தரின் பக்கம் திரும்பினார். “சுனாமிக்குப் பிறகு டொக்டர், ஊர் விதானையார், உங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே லொறியில எங்கட மாங்கேணிக்கு வந்தீங்க. அப்ப ஏலுமெண்டா இப்ப ஏன் மிஸ் ஏலாது?”

உத்தியோகத்தர் கோப்பை மூடினார். பிறகு, “அண்ணன், இதைக் கூட்டத்தில நீங்களே வந்து சொல்லுங்க,” என்றார்.

மட்டக்களப்பில் மூவரும் ஒன்றாக இறங்கினார்கள். “பெரியாக்களோட கதைக்கப் போறீங்க, சேட்டுப் பொத்தானைப் பூட்டுங்க,” என்ற மனைவி, அவர் ஊன்றுகோலிலிருந்து கையை எடுக்குமுன் தானே பூட்டிவிட்டார்.