நகல் என்று நான் எழுதிய படம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அன்பிற்கினிய துரைராஜ் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்திருக்கும் தாய்மார்களே! பட்டணத்து வேலை முடிந்து மின்சார ரயிலில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து நிற்கும் தோழர்களே! வணக்கம்.

தாம்பரம் ஓவியர் மன்றத்தின் இந்த 1970-ஆம் ஆண்டு விழாவில், பரிசுகளைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் பேசப்போவது ஒரு பிழையைப் பற்றி. யாருடைய பிழை? முப்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியனாக இருந்த எலியேசராகிய என் பிழை!

சென்ற ஆண்டுப் போட்டிக்கு நான்தான் நடுவர். தலைப்பு, ‘என் வீட்டுப் பொருள்’. குடம் வந்தது, குத்துவிளக்கு வந்தது, குடையும் வந்தது. நடுவே ஒரு படம். கழுத்தில்லை, காதில்லை, கைப்பிடியில்லை! தாள் முழுதும் கரித்துண்டால் வரைந்த பள்ளம், பள்ளத்தருகே பள்ளம்! மனிதன் நிலவில் கால்வைத்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். நாளேடுதோறும் நிலவின் பள்ளங்கள். நானும் ஒன்றை வெட்டி அலமாரியில் ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்து வரைந்ததுதான் இது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. படத்தின் பின்னால் சிவப்புப் பென்சிலால் ‘நகல்’ என்று எழுதினேன், மேடையிலும் அப்படியே அறிவித்தேன்.

வரைந்தவர் ராஜகீழ்ப்பாக்கத்துத் தையல் ஆசிரியை புஷ்பம்.

“சார், அது எங்க வீட்டுப் பொருள்தான் சார்” என்றார்.

“உங்க வீட்ல நிலாவையா வாங்கி வெச்சிருக்கீங்க?” என்றேன்.

அவை சிரித்தது. அவர் படத்தைக்கூட வாங்காமல் வெளியேறினார். அன்றிலிருந்து ஊர் அவரை ‘நிலா டீச்சர்’ என்றது. அவர் மன்றத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

சென்ற மாதம் எங்கள் வீட்டு அம்மியைக் கொத்த பச்சையம்மா வந்தார். தேய்ந்த கல்லில் புள்ளி புள்ளியாகப் பள்ளம் கொத்த உளியும் கையுமாக உட்கார்ந்தவர், நான் தூசி தட்டிக்கொண்டிருந்த படங்களில் அந்தப் பள்ளப் படத்தைப் பார்த்தார்.

“இன்னா சார், யார் வூட்டு அம்மி இது? கொத்தி ரொம்ப நாளாச்சு போல கீது. நடுவுல பாரு, தேஞ்சே பூட்ச்சு, வலதுல இன்னும் ஜாஸ்தி. வலது பக்கமா அழுத்தி அரைக்கிற அம்மா போல!”

சிரிக்கிறீர்களா? பின்வரிசை ஐயா, நன்றாகச் சிரியுங்கள்! சென்ற ஆண்டு புஷ்பத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். இந்த ஆண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பதுதான் நியாயம்.

தோழர்களே! இரண்டு லட்சம் மைலுக்கு அப்பாலிருக்கும் பள்ளத்தை அறிந்த இந்தக் கண், அன்றாடம் எனக்குச் சட்னி அரைக்கும் கல்லை அறிந்ததா? ஏன் அறியவில்லை? தின்றேன், அரைத்ததில்லை! நின்று பார்ப்பவனுக்கு அம்மியின் உருவம் தெரியும். குனிந்து அரைப்பவருக்கல்லவா அதன் மேனி தெரியும்? தம் கண்ணுக்கு எவ்வளவு அருகில் அது இருந்ததோ, அவ்வளவு அருகிலேயே புஷ்பம் வரைந்தார். அதை நகல் என்றேனே! வெட்கப்படுகிறேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க சார். இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க” என்றார்.

சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கண்டதைச் சொன்ன பச்சையம்மாவுக்கும் என் நன்றி.

வாசலருகே நிற்கும் புஷ்பம் அவர்களே, மேடைக்கு வாருங்கள். இதோ உங்கள் படம். இதோ அதே சிவப்புப் பென்சில். நான் எழுதியதை உங்கள் கையால் கோடு போட்டு அடியுங்கள், அம்மா. வணக்கம்.