தண்ணிக்காக ஓடியவர்

டயகம தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“எங்க வீட்டுக்காரரு தண்ணிக்காக ஓடுனாரு அக்கா,” என்றாள் இளையவள்.

“பீலியில தண்ணி பிடிக்கவா?”

“அட, இல்லக்கா. எங்க லயத்து வீடுகளுக்குக் குழாய் போட நிதி சேர்க்கிற ஓட்டப்போட்டி. மாசக்கணக்கா காலையில ஓடிப் பழகுனாரு. ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாங்கன்னா, போட்டிக்குக் கால் வேணும்னு சொல்லிருவாரு.”

“ஜெயிச்சாரா?”

“எங்க? ஓடுறவங்களுக்குத் தண்ணி குடுக்க நான் குடத்தோட மேட்டுல ஏறுனேன். பாதியில அவரையே தாண்டிப் போயிட்டேன்.”

“கோவிச்சுக்கிட்டாரா?”

“எப்படிடீன்னு கேட்டாரு. குடம் தூக்குனா கால் பலமாகும்னேன். இப்ப தினமும் அவருதான் தண்ணி எடுக்கிறாரு.”

“பரவாயில்லையே!”

“வீட்டு வேலைன்னு அவருகிட்ட சொல்லிறாதீங்கக்கா. ப்ராக்டிஸ்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு.”