சாவி வீட்டில் இருக்கும் நேரம்

என் பெயர், தந்தை பெயர், விலாசம் மூன்றும் முதல் தாளில் எழுதப்பட்டிருப்பதால் இங்கே மறுபடி சொல்லவில்லை. வயது இருபத்தொன்பது. திருமணம் ஆகவில்லை. வாடகை வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். தொழில் கதை எழுதுவது. எந்தப் பத்திரிகையிலும் பதிப்பகத்திலும் நான் வேலையில் இல்லை. தொடர்கதையை வாரம் ஓர் அத்தியாயமாகச் சந்தா கட்டிய வாசகர்களின் கைப்பேசிக்கு அனுப்புகிறேன். தொடர் முடிந்த பிறகு நானே அச்சுக்குக் கொடுத்து, நானே காகிதம் சுற்றி ஒட்டி, தபாலில் சேர்க்கிறேன். "அது சரிம்மா, வேலை என்ன?" என்று காவல் ஆய்வாளர் கேட்டதற்கு, இதுதான் வேலை என்று சொன்னேன். இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதித் தர அனுமதி கேட்டேன். "நீங்க எழுதுனா கதையாயிடும். நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்" என்று அவர் சொன்னதால் வாய்மொழியாகச் சொல்கிறேன்.

தினமும் காலையில் எழுதுவேன், மதியத்துக்கு மேல் முந்தைய நாள் எழுதியதை வாய்விட்டுப் படித்துத் திருத்துவேன், அதன் பிறகு வாசகர்களுக்குப் பதில் போடுவேன். கதையில் ஒருவர் செய்கிற காரியத்தை என் உடம்பால் செய்து பார்க்காமல் நான் எழுதுவதில்லை. ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடும் ஒருவரை எழுத வேண்டியிருந்தபோது பல நாள் வலது கையைத் தொங்கவிட்டபடியே இருந்தேன். "அப்ப கொலைக்கதை எழுதுனா?" என்று ஆய்வாளர் கேட்டார். இதுவரை எழுதியதில்லை என்று சொன்னேன்.

புகார் கொடுத்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது அவர் தொழில். காணவில்லை என்று சொல்லப்படுபவர் அவர் மனைவி. வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பவர். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவர் என்னைக் கதைக்காரி என்பார். அவர்கள் வீட்டு முன்வாசல் தெருவில் இருக்கிறது, அதன் மேல் கேமரா உண்டு. பின்கதவு சந்தில் இருக்கிறது, அதற்குக் கேமரா இல்லை, பூட்டு உண்டு. என் வாசலும் அதே சந்தில்தான்.

ஜன்னல் திரை தைக்கக் கொடுக்கப் போனபோது பழக்கம் ஏற்பட்டது. அக்காவிடம் கைப்பேசி இல்லை. முன்பு இருந்ததாகவும், ஏதோ கோளாறு என்று கணவர் எடுத்துப்போனதாகவும் சொன்னார். கணவருக்குத் தெரிந்த தொழில் என்பதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆகையால் என் அத்தியாயங்களைத் தாளில் எடுத்துப் போய், அவர் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். பிடிக்காத இடம் வந்தால் மிஷினை வேகமாக ஓட்டுவார். பிடித்தால் நிறுத்திவிடுவார்.

இந்த வருடத் தொடரில் ஒரு பெண் தன் வீட்டை விட்டுப் போகிறாள். புருஷன் வேலைக்குப் போன பிறகு அவள் கிளம்புவதாக முதலில் எழுதியிருந்தேன். அதைப் படித்தபோது அக்கா மிஷினை நிறுத்தினார். பிடித்துவிட்டது என்று நினைத்தேன். "ஏம்மா கதைக்காரி, உனக்குக் கல்யாணம் ஆகலங்கறது இந்த ஒரு பக்கத்துலயே தெரியுது" என்று சிரித்தார். அதன் பிறகு, "அவன் வெளிய போனா சாவியும் கூடவே போகும். அவன் வீட்ல இருக்கும்போதுதான் சாவியும் வீட்ல இருக்கும். அப்பதான் போக முடியும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது என்னுடையதைவிட நன்றாக இருந்ததால் அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன்.

புருஷன் கீழே தொலைக்காட்சியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருக்க, அவன் முதுகுக்குப் பின்னால் மாடிப்படி இறங்கி அவள் பின்கதவுக்குப் போக வேண்டும் என்று அதன் பிறகு முடிவு செய்தேன். என் வீட்டில் மாடிப்படி கிடையாது. "எங்க வீட்டுல இருக்கே, வந்து இறங்கிப் பாரு" என்று அக்காதான் கூப்பிட்டார். கணவர் வேலைக்குப் போயிருந்த மதியங்களில் முன்வாசல் வழியாகவே போனேன். பின்கதவு அந்த நேரத்தில் பூட்டியிருக்கும். "தையல் கத்துக்க வருதுன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். கேட்டா நீயும் அதையே சொல்லு" என்றார் அக்கா. எனக்கு இன்றுவரை ஊசியில் நூல் கோக்க வராது.

முதலில் நான் இறங்கினேன், அக்கா சோபாவில் உட்கார்ந்து காது கொடுத்தார். தொலைக்காட்சியின் சத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். ரிமோட்டைப் பார்க்காமலே சரியான அளவில் வைத்தார். நான் இறங்கியது யானை இறங்கியது போல இருந்ததாகச் சொன்னார். அதன் பிறகு, "நீ உக்காரு, நான் இறங்கறேன்" என்றார். இடம் மாற்றிக்கொண்டது அவர் யோசனை. அதன் பிறகு எப்போதும் அவர்தான் இறங்கினார், நான்தான் கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் இருந்தேன். படிகள் மரத்தாலானவை. திருப்பத்தில் ஒரு படி முனகும் என்பதையும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும், சமையலறைத் தரையில் குதிகாலை முதலில் வைக்கக் கூடாது என்பதையும் நான் சொன்னேன். இவற்றை நான் மறுக்கவில்லை.

அக்காவின் செருப்பு வார் அறுந்து வெகுநாளாகத் தைக்கப்படாமல் கிடந்ததால் என் செருப்பை எடுத்துக்கொண்டு இறங்குவார். ஒருமுறை போட்டுப் பார்த்தார், அளவு சரியாக இருந்தது.

சந்தேகம் வரவில்லையா என்று ஆய்வாளர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வந்தது. ஆனால் வேறு சந்தேகம். அந்த அத்தியாயத்தைத் தான் சொல்லும்வரை வெளியிடக் கூடாது என்று அக்கா கேட்டுக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. அவர் அதை வேறு யாருக்காவது சொல்லிவிடுகிறாரோ, என் கதை எனக்கு முன்னால் வேறு பெயரில் வந்துவிடுமோ என்று பயந்தேன். தனியாக எழுதுகிறவர்களுக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு. அதனால் அக்காவின் வாடிக்கையாளர்களை எல்லாம் சில நாள் கவனித்துக்கொண்டிருந்தேன். கவனிக்க வேண்டிய இடம் அதுவல்ல என்று இப்போது தெரிகிறது.

அக்கா படி இறங்கும்போது கொண்டுவந்த பையைப் பற்றி ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். முதலில் காலிப் பையோடு இறங்கினார். "காலிப் பை கையில ஆடுது, பொய்யா இருக்கு" என்று அதன் பிறகு துணி வைத்துக்கொண்டார். ஒருநாள் நாங்கள் இப்படி இருக்கும்போது கணவர் எதிர்பாராமல் வந்துவிட்டார். நான் சோபாவில் இருந்தேன், அக்கா படியில் பையோடு நின்றார்.

"தையல் கத்துக்க வந்தவ டிவி பாக்குறியா?" என்று என்னைக் கேட்டார். அதன் பிறகு மனைவியைப் பார்த்து, "பை எதுக்கு?" என்றார்.

"பழைய துணி. அவ தச்சுப் பழகட்டும்னு எடுத்தேன்."

"மிஷின் மேல போட்ட உறையே எடுக்கலயே."

"இப்பதான வந்தா."

அவர் கைப்பேசியை எடுத்து, நான் முன்வாசலில் நுழைந்த காட்சியைத் தேடி, எங்கள் எதிரிலேயே நேரம் பார்த்தார். பார்த்து முடிக்கும்வரை அக்கா படியிலிருந்து இறங்கவில்லை. அதன் பிறகு அவர் என்னிடம், "கத்துக்கிட்டது போதும், கிளம்பு" என்றார்.

சில நாள் நான் போகவில்லை. அதன் பிறகு அக்காவே சமையலறை ஜன்னல் வழியாகச் சந்தில் என்னைக் கூப்பிட்டு வரச் சொன்னார். அன்று பை கனமாக இருந்தது. உள்ளே துணி வெட்டும் அவருடைய பெரிய கத்தரிக்கோலைப் பார்த்தேன். என் கதையில் வரும் பெண் தையல்காரி அல்ல. "இது எதுக்குக்கா?" என்று கேட்டேன். "கனத்துக்கு" என்றார். அன்று அவர் இறங்கியது எனக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பின்கதவருகே நின்றுகொண்டிருந்தார். கதவு திறக்கிற சத்தத்தை மட்டும் நாம் கேட்டுப் பார்க்கவே இல்லையே என்றேன். "அதை நீ கற்பனை பண்ணிக்கோ" என்றார். தாழ்ப்பாளில் மிஷின் எண்ணெய் மினுங்கியது.

என் கதையில் அவள் சந்து வழியாகப் பேருந்து நிலையத்துக்குப் போவதாக எழுதியிருந்தேன். "மொதல்ல அங்கதான தேடுவான்" என்றார் அக்கா. அப்படியானால் எங்கே போவாள், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். "அதை உங்கிட்ட ஏன் சொல்லணும்? நீ எழுதிடுவ" என்றார். இடத்தை மாற்றிவிடட்டுமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம், பஸ் ஸ்டாண்டே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மேற்படி பெண் வீட்டை விட்டு நடந்து போன அன்று காலையில் அக்கா அதே ஜன்னல் வழியாக, "நாளைக்குப் போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை வழக்கம்போல அத்தியாயத்தை அனுப்பினேன். அதைத்தான் கணவர் கைப்பேசியில் வைத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். அதிலிருப்பது அவர் வீட்டுப் படி என்பது உண்மை. அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் காவலர்கள் பேருந்து நிலையத்தில் தேடியதாக அறிகிறேன். அது நான் எழுதிய இடம். அவர் போன இடம் எனக்குத் தெரியாது.

"சோபாவுலயேதான் சார் உக்காந்திருந்தேன். எனக்குத் தெரியாம அவ எப்படி சார் போக முடியும்? இவதான் பின்கதவுப் பக்கம் வண்டியோட நின்னிருக்கா" என்று கணவர் என் எதிரில் சொன்னார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அந்த நேரத்தில் நான் உள்ளே வாசகர்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். என் வாசலைத் தாண்டி யாரும் போன சத்தம் கேட்கவில்லை. "மனைவி எந்த நிறத்துல துணி உடுத்தியிருந்தாங்க?" என்று ஆய்வாளர் கேட்டபோது கணவருக்கு ஞாபகம் வரவில்லை. மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்பதைச் சரியாகச் சொன்னார்.

சம்பவ நாள் மாலை வாசலில் கழற்றிப் போட்டிருந்த என் செருப்பைக் காணவில்லை. அதைப் பற்றி நான் புகார் கொடுக்கவில்லை, கொடுக்கும் உத்தேசமும் இல்லை.

எழுதியது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஓர் இடத்தில் மட்டும் திருத்தம் கேட்டேன். "மேற்படி பெண் வீட்டை விட்டு ஓடிய அன்று" என்று இருந்தது. நடந்து போன அன்று என்று மாற்றச் சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதானம்மா" என்றார் ஆய்வாளர். ஒன்றில்லை, ஓடியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும் என்றேன். எழுதிய காவலர் அந்தச் சொல்லை அடித்து மாற்றி, ஓரத்தில் என் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டார்.

மற்றபடி இதில் உள்ளவை யாவும் நான் கண்டதும் கேட்டதும் கேட்காததும் மட்டுமே. என் கற்பனை எதுவும் சேர்க்கப்படவில்லை.

(ஒப்பம்)